குன்றில் இல்லாத தென்னைகள்

தை 4

காலையில் கப்பல் தெரிந்தது. நிற்கத் தெம்பு இருந்தவர்கள் எல்லோரும் கரைக்கு ஓடினோம். அரிசி மூட்டை இறங்கும் என்று பார்த்தால், முதல் படகில் இறங்கியது ஒரு சாய்வு மேசையும் தகரப் பெட்டியும். அவை நனைந்துவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு துரையும் இறங்கினார். பெயர் ஆர்டன். கடற்படையில் லெப்டினன்ட். கரைகளையும் துறைமுகங்களையும் படம் எழுதுவதுதான் அவர் உத்தியோகமாம். அரிசி பின்னால் வந்தது. புழு குறைவு.

மேஜர் ஸ்டாண்டிஷ் என்னைக் கூப்பிட்டார். இந்தத் தீவில் அவர் சொன்னதுதான் சட்டம்.

"அருளப்பா, ஆர்டன் துரை இருக்கும்வரை நீ அவரோடு இரு. அவர் கேட்பதை ஆட்களுக்குச் சொல். ஆட்கள் சொல்வதையெல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை."

நான் இந்தத் தீவுக்குத் துபாஷி, துரைகள் பேச்சையும் ஆட்கள் பேச்சையும் மாற்றிச் சொல்கிறவன். குடியேற்றச் சங்கத்தார் எங்களை நாகப்பட்டினத்தில் கப்பலேற்றி இங்கே இறக்கி ஒரு வருஷம் ஆகப்போகிறது. கொத்தர், தச்சர், உழவர், அவரவர் பெண்டுபிள்ளைகள். என் மனைவி மதலேனாள் அப்போது மாசமாக இருந்ததால் ஊரிலேயே நின்றுவிட்டாள். அடுத்த கூட்டத்தோடு அவள் வருவதாக ஏற்பாடு. என் தம்பி ராயப்பன் என்னோடு வந்தான். தச்சு வேலை செய்கிறான்.

அவனுக்கு இன்று உடம்பு லேசாகச் சுடுகிறது. வெயிலில் ஓடியதால்தான்.

தை 6

ஆர்டன் துரைக்கு ஊரைச் சுற்றிக் காட்டினேன். சரிந்த கோட்டைச் சுவர், சரக்கு வைக்கும் கிட்டங்கி, எங்கள் கொட்டகைகள், படகுத்துறை. எல்லாவற்றையும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். கடைசியில் ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றைக் காட்டினார். அது மாட்டின் திமில் மாதிரி ஒரு பக்கம் சரிந்திருக்கும்.

"அங்கே வரிசை வரிசையாக மேடு தெரிகிறதே. காய்கறிப் பாத்தியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் காத்தாயி எதிரே வந்துவிட்டாள். கொத்தன் வைத்தியின் பெண்சாதி அவள். தினமும் காலையில் குன்றுக்குப் போய்விட்டு வருவாள். துரை கை காட்டிய திசையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பாத்தி இல்ல தொரை. எங்க சனங்க. என் வீட்டுக்காரரும் அங்கதான் கெடக்குறாரு."

துரை என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

"காலை வணக்கம் சொல்கிறாள்" என்றேன்.

துரை அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "வணக்கம் சொல்ல இவ்வளவு கோபமா?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

தை 7

கிணற்றுத் தண்ணீர் மறுபடி கரிக்கிறது. ராயப்பன் கஞ்சி வேண்டாம் என்றான். பசிக்கவில்லையாம்.

தை 9, ஞாயிறு

ஜெபம் முடிந்ததும் படகில் போனோம். கப்பல் நங்கூரம் போட்டிருக்கும் இடத்திலிருந்து ஊர் எப்படித் தெரிகிறதோ அப்படி எழுத வேண்டும் என்றார் துரை. நான் குடை பிடித்தேன். பென்சில் ஓடுவதைப் பார்த்தபடி இருந்தேன். ஒரு சாண் காகிதத்துக்குள் கடலும் மணலும் கொட்டகையும் அச்சு மாறாமல் வந்து உட்கார்ந்தன. சுவரில் கல் பெயர்ந்த இடத்தைக்கூட அவர் விடவில்லை.

குன்றுக்கு வந்ததும் பென்சில் நின்றது.

"அருளப்பா, அது இடுகாடுதானே?"

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி" என்றார். பிறகு ஒவ்வொரு மேடாகப் போட ஆரம்பித்தார். சின்னச் சின்னக் கோடுகள். நிறைய நேரம் பிடித்தது. எனக்குக் குடை பிடித்த கை மரத்துப்போனது.

தை 11

கிட்டங்கியிலிருந்து புதுத் துணி எடுத்து ஆட்களுக்குக் கொடுத்தார்கள். எல்லோரும் உடுத்திக்கொண்டு கரையில் நிற்க வேண்டும், துரை படத்தில் சேர்ப்பார் என்று மேஜர் உத்தரவு. எழுந்து நிற்க முடியாதவர்களைக் கொட்டகைக்குள் விட்டுவிட்டோம். மற்றவர்கள் நின்றார்கள். புதுத் துணியைப் பார்த்ததும் இரண்டொரு பெண்கள் தலைகூட வாரிக்கொண்டார்கள்.

காத்தாயி துணியை வாங்கவில்லை. குன்றின் மேலேயே நின்றாள். ஒரு சிப்பாய் போய்க் கூப்பிட்டும் இறங்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் துணியைத் திருப்பி வாங்கி, மடித்துக் கிட்டங்கியில் வைத்தாகிவிட்டது. மடித்தது நான்தான்.

ராயப்பன் வரிசையில் நின்றான். முடியும் என்றுதான் சொன்னான். நடுவில் உட்கார்ந்துவிட்டான்.

தை 13

மேஜர் படத்தைப் பார்த்தார். நான் கதவோரம் நின்றேன், போகச் சொல்லவில்லை.

"நான் கேட்டது ஊர்ப் படம். நீர் எழுதியிருப்பது மயானம்" என்றார்.

"கண்ணுக்குத் தெரிவதை எழுதினேன். கப்பல்கள் இதை நம்பித்தான் கரைக்கு வரும்."

"கப்பல்கள் பாறையைப் பார்த்துக்கொண்டால் போதும். குன்றைப் பார்க்கப்போவது மனிதர்கள்." மேஜர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. "லெப்டினன்ட், இங்கே வேலை செய்யக்கூடிய கை எத்தனை மிச்சம் என்று தெரியுமா? மேட்டில் புதுக் கிணறு வெட்ட வேண்டும், சதுப்பை வடிக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் அடுத்த மழைக்குப் பிறகு இங்கே யாரும் இருக்கமாட்டார்கள். நானும் சேர்த்துத்தான். இங்கே உயிரோடு இருப்பவர்களைக் காப்பாற்றப் புது ஜனம் வேண்டும். மயானத்தைக் காட்டினால் யார் வருவார்கள்?"

"வருகிறவர்களும் செத்தால்?"

"கிணறு வெட்டிவிட்டால் சாகமாட்டார்கள்."

அதை அவர் நம்புகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நம்புகிறார் என்றே நினைக்கிறேன். படத்தை விளக்கில் பிடித்தார். காகிதம் சுருண்டு எரிவதை மூவரும் பார்த்தோம்.

"வேறொன்று எழுதிக் கொடும். அது முடிந்ததும் கப்பல் கிளம்பும். முடியாதவரை நீரும் இங்கேதான் இருப்பீர்."

ஆர்டன் துரை மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் கை நடுங்கியது. கோபம் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் வெயிலில் நின்று, "குளிர்கிறது" என்றார்.

தை 15

துரை கட்டிலில் சாய்ந்தபடியே, இந்த முறை பெரிய தாளில் எழுதுகிறார். குளிர் வரும்போது பென்சிலை என்னிடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார், விட்டதும் வாங்கிக்கொள்வார். கோட்டைச் சுவர் முழுசாகிவிட்டது. கொட்டகைகளுக்கு ஓடு வந்துவிட்டது. குன்றின் மேல் தென்னந்தோப்பு. நல்ல காய்ப்புள்ள மரங்கள்.

அழகான படம். எங்கள் ஊர் என்று சொல்லாவிட்டால் எனக்கே போக ஆசை வந்திருக்கும்.

"குன்றின் உருவத்தை நான் மாற்றவில்லை" என்றார், நான் கேட்காமலேயே. "அதை மாற்ற மட்டும் கை வரவில்லை."

தை 16, ஞாயிறு

மேஜர் கூப்பிட்டனுப்பினார். படம் மேசை மேல் இருந்தது, சாயமும் ஏற்றியாகிவிட்டது.

"இதோடு நீயும் போகிறாய்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"உன் ஊர் ஜனங்களுக்கு வாசிக்கத் தெரியாது. படம் புரியும். படத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய ஆளே நின்று, அவர்கள் பேச்சில் சொன்னால் நம்புவார்கள். கப்பல் நிறைய ஜனங்களைக் கூட்டி வா. உன் மனைவியையும் கூட்டி வா. அதைப் பார்த்தால் மற்றவர்களும் ஏறுவார்கள்."

"தம்பியையும் அழைத்துப் போகலாமா துரை? அவனுக்கு உடம்பு..."

"உன் தம்பி இங்கே என் பார்வையில் இருப்பான். ஜனங்கள் வந்தால் அவனை மேஸ்திரி ஆக்குகிறேன். வராவிட்டால், ஏன் வரவில்லை என்று அவனைத்தான் கேட்பேன்."

"ஆகட்டும் துரை" என்றேன். வேறென்ன சொல்வது.

தை 17

ராயப்பனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கூரையில் ஒரு கீற்று விலகியிருக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டும்.

"நீ போண்ணே. ஒருத்தனாவது போ."

"உனக்கு நல்லாயிடும். சும்மா காய்ச்சல்தான்."

"ஆமாண்ணே." பிறகு, "அங்க போயி என்ன சொல்லுவ?" என்றான்.

"பாத்துக்கலாம்."

"அண்ணியக் கூட்டிட்டு வந்துடமாட்டியே? புள்ளையையும்?"

தூங்கச் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான், தூங்கவில்லை. நான் கீற்றைக் கட்டினேன்.

தை 18

நான் போவது எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கிட்டங்கிப் பக்கம் ஒவ்வொருவராக வந்து நிற்கிறார்கள். யாரும் மேஜரைப் பற்றிப் பேசவில்லை. அம்மாவிடம் இதைச் சொல், மாமனிடம் அதைச் சொல் என்கிறார்கள். கடைசியாகக் காத்தாயி வந்தாள்.

"துபாஷியாரே, நாகூர்ல எங்க நாத்தனா இருக்கா. அவ தம்பி, எங்க வீட்டுக்காரரு, போய்ச் சேந்தது அவளுக்குத் தெரியாது. அடுத்த கப்பல்ல தானும் வர்றதா இருந்தா. வந்து கேட்டா என்ன சொல்லுவீய?"

"கேட்டா பாக்கலாம்."

"கேப்பா" என்றாள். "நீங்க காலை வணக்கம் சொன்னீயளே, அது மாதிரி ஏதாச்சும் சொல்லிப்புடாதீய."

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

தை 19

கப்பல் ஏறிவிட்டேன். ராயப்பன் கரைவரை வந்தான், நடந்தே வந்தான். நன்றாகத்தான் இருக்கிறான். கையசைத்தான். அவன் பக்கத்தில் ஒரு சிப்பாய் நின்றிருந்தான்.

தை 24

நல்ல காற்று. சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். "மண் நல்ல மண். மீன் நிறைய. ஆளுக்கொரு மனை." இதில் ஒன்றும் பொய்யில்லை. மண் நல்ல மண்தான். மீனும் உண்டு.

ஆர்டன் துரைக்குக் கஞ்சி கொண்டு போனேன். பாதி குடித்தார்.

"கரையில் என்ன சொல்வாய்?" என்று கேட்டார்.

"மேஜர் சொல்லச் சொன்னதைத்தான்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. படத்தை எழுதியது அவர். மரம் நட்டது அவர். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதினேன், போதும்.

மாசி 2

நாகப்பட்டினம்.

பெண் குழந்தை. மூக்கு எங்கள் அம்மாவுடையது. என்னைக் கண்டதும் வீறிட்டு அழுதாள், பிறகு என் தாடியைப் பிடித்து இழுத்தாள்.

மதலேனாள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்திருக்கிறாள். உரல்கூடத் தயார். தொட்டிலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாளாம். "அங்க மரமெல்லாம் இருக்கும்ல, ராயப்பன் புதுசா ஒண்ணு செஞ்சு குடுத்துரும்" என்கிறாள்.

"எப்புடிங்க இருக்கு அந்த ஊரு?"

"காத்து நல்லா அடிக்குது."

"இவ்வளவுதானா?"

"தண்ணிதான் கொஞ்சம் உப்பு."

"தம்பிக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சோறு போட்டாள்.

மாசி 5

நாளை மறுநாள் பண்டசாலை முற்றத்தில் ஜனங்களைக் கூட்டுகிறார்கள். சங்கத்தின் ஏஜெண்டு துரை இன்று என்னைச் சொல்லிக் காட்டச் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். "குரல் இன்னும் உரக்க" என்றார்.

மதலேனாள் உரலுக்குக் கயிறு கட்டினாள். நான்தான் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.

மாசி 7, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முற்றம் நிறைந்திருந்தது. படத்தை ஒரு பலகையில் வைத்து உயரத் தூக்கி நிறுத்தினார்கள். ஜனங்கள் நெருங்கி வந்து பார்த்தார்கள். அவர்களில் யாரும் அப்படி ஒரு படத்தைப் பார்த்ததில்லை. கடல் கடலாகவே இருந்தது. மதலேனாள் குழந்தையோடு முன்னால் நின்றாள், பெருமையோடு.

நான் ஆரம்பித்தேன். மண் நல்ல மண் என்றேன். மீன் நிறைய என்றேன். ஏஜெண்டு துரை புன்னகை செய்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கறுத்து ஒல்லியாக, தலையில் மீன்கூடையோடு. கூடையை இறக்கி வைத்துவிட்டு, "நான் நாகூருங்க. கொத்தன் வைத்தியோட அக்கா. எந்தம்பி வூடு இதுல எதுங்க?" என்று கேட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல கேள்விதான். தம்பியின் வீட்டைப் பார்க்க அவள் எட்டி எட்டிப் பார்த்தாள்.

வரிசையாக இருந்த ஓட்டு வீடுகளில் ஒன்றைக் காட்டியிருக்கலாம். எதைக் காட்டினாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை. எனக்கு அந்த நேரம் ராயப்பன் நினைவு வந்தது, பக்கத்தில் நின்ற சிப்பாயோடு. கையைத் தூக்கினேன். கை வீடுகளின் மேல் போனது. அங்கே நிற்கவில்லை. மேலே போய்க் குன்றின் மேல் நின்றது.

"இங்கே" என்றேன்.

"தோப்புலயா? தோப்புலயா வூடு கட்டியிருக்கான்?"



பின்னாலிருந்து ஒருவர், "உழவன் முனியாண்டி, எங்க மச்சினன். அவன் வூடு?" என்றார்.

"இங்கே." அதே இடம்.

"சன்னாசி?"

"அவர் இருக்கிறார். இதோ, கரையோரம், இந்தக் கொட்டகை."

"அவன் பெண்சாதி?"

குன்றுக்கு விரலைக் கொண்டுபோனேன்.

"புள்ளைங்க?"

விரலை எடுக்கவில்லை.

ஏஜெண்டு துரை பக்கத்திலிருந்த குமாஸ்தாவிடம், "பார், எல்லோருக்கும் வீடு காட்டுகிறான். நல்ல ஆள்" என்று சொல்வது என் காதில் விழுந்தது. இன்னும் பெயர்கள் வந்தன. சிலருக்குக் கொட்டகைகளைக் காட்டினேன், நிறையப் பேருக்குக் குன்றை. சிரிப்பு நின்றுபோயிருந்தது. பெயரைச் சொல்கிற குரல்கள் தணிந்துகொண்டே வந்தன. விரல் எங்கே போகிறது என்று மட்டும் முற்றம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

வைத்தியின் அக்கா முதலில் புரிந்துகொண்டாள். கூடையைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள். மீன் சிதறியது. "அது தோப்பு இல்லையா?" என்று கேட்டாள்.

"தோப்பு இல்லம்மா" என்றேன்.

அப்புறம்தான் அந்த அழுகை எழுந்தது. ஏஜெண்டு துரை எழுந்து நின்று, "என்ன? என்ன சொல்கிறார்கள்?" என்று கத்தினார்.

"வரவில்லை என்கிறார்கள், துரை" என்றேன்.

மதலேனாள் மட்டும் அழவில்லை. குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு, "ராயப்பன் எங்க? கையக் காட்டுங்க" என்றாள்.

கரையைக் காட்டினேன். கொட்டகையைக் காட்டினேன். விரலை எடுத்த பிறகும் அவள் குன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை எழுதுவது பண்டசாலைக் கிடங்கில். பூட்டியிருக்கிறார்கள்.

மாசி 10

ஏஜெண்டு துரை இன்றும் வந்தார். நான் பொய் சொல்லிக் கலகம் மூட்டினேனாம். யாருடைய கைக்கூலி என்று கேட்கிறார்.

மாசி 13

பல்லக்கில் ஆர்டன் துரை வந்தார். கப்பலிலிருந்து இறக்கியதிலிருந்து பாதிரியார் வீட்டில் கிடந்தாராம். இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, கதவு நிலையைப் பற்றிக்கொண்டு நின்றார். ஏஜெண்டு துரையிடம் பேசினார், மூச்சு வாங்கி வாங்கி.

"குன்றில் தென்னை இல்லை. நான் போட்டது. இவன் சொன்னது சரி. யார் கேட்டாலும், எங்கே கேட்டாலும் சொல்வேன்."

என்னை வெளியே விட்டார்கள். துரையை மதராசுக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது என்னிடம் என்னவோ சொல்ல வந்தார், பல்லக்குத் தூக்குகிறவர்கள் அவசரப்பட்டார்கள். பிழைத்தாரா என்று தெரியவில்லை.

பங்குனி 20

சங்கத்தார் அரிசி மட்டும் ஏற்றிக் கப்பலை அனுப்புகிறார்கள். ஒரு குடும்பமும் ஏறவில்லை. கடைசிவரை கரையில் நின்று பார்த்தேன். அந்தக் கப்பல் அங்கே போய்ச் சேரும். மேஜர் கரைக்கு வருவார். யாரும் இறங்கமாட்டார்கள்.

பிறகு ராயப்பனைக் கூப்பிடுவார்.

வைகாசி 8

உப்பு மண்டியில் கணக்கெழுதும் வேலை. குழந்தைக்குப் பல் முளைக்கிறது.

ஆடி 15

கூட்டிய ஜனமெல்லாம் மறுத்துவிட்டதால் சங்கத்தார் தீவைக் கைவிடுகிறார்கள் என்று பேச்சு. இருப்பவர்களைக் கூட்டிவரக் கப்பல் போயிருக்கிறதாம். மதலேனாளிடம் சொன்னேன். அவள் ராயப்பன் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். மாதாவின் முன்னால் உயிரோடிருப்பவர்களுக்காக ஏற்றும் இடத்திலா, மற்ற இடத்திலா என்று நான் பார்க்கவில்லை.

புரட்டாசி 11

கப்பல் தெரிகிறது என்றார்கள். கரைக்குப் போனோம்.

முதல் படகில் காத்தாயி இருந்தாள். அவளுடைய நாத்தனார் தண்ணீருக்குள்ளேயே ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டாவது படகில் சன்னாசி. மூன்றாவதில் ராயப்பன் இல்லை. நான்காவது படகைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மதலேனாள்தான் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

ராயப்பனை அடையாளம் தெரியவில்லை. எலும்பும் தோலுமாக, தலை மழித்து. தானாகவே இறங்கி நடந்து வந்தான். ஒவ்வொரு அடியும் எடுத்து எடுத்து வைத்தான். இரண்டு கணுக்கால்களிலும் வளையம் போட்ட மாதிரிப் புண், பாதி ஆறியும் ஆறாமலும்.

காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தான். மதலேனாள் குழந்தையை மடியில் கொடுத்தாள், எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான் அவனாகச் சொன்னான்.

"சித்திரையில கப்பல் வந்துச்சுண்ணே. எல்லாரும் கரைக்கு ஓடுனோம். மேஜர் முன்னால நின்னாரு. வெறும் மூட்டைதான் எறங்குச்சு, ஒரு ஆளு எறங்கல. என்னையக் கூப்புட்டாரு. 'ஒங்க அண்ணன் என்ன சொன்னான்'னாரு. 'நான் இங்கல்ல இருந்தேன், எனக்கென்ன தெரியும்'னேன். அன்னிக்கே வெலங்கு மாட்டிப்புட்டாங்க."

"ராயப்பா..." என்றேன்.

"அட, கேளுண்ணே." குழந்தை அவன் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. அவன் இழுத்துக்கொள்ளவில்லை. "நீ போனதுலேருந்து எனக்குத் தூக்கமே கெடையாது. அண்ணி வந்து எறங்குற மாதிரியே இருக்கும். அந்தக் கப்பல்லேருந்து யாரும் எறங்கலன்னதும்தான், வெலங்கோட படுத்து, விடியவிடிய தூங்குனேன்."